நடிகையா... பாடகியா? பங்க் ராணி டோயா வில்காக்ஸின் கதை

2021 ஜனவரி. கொரோனாவுக்குப் பயந்து உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரம். இங்கிலாந்தில் ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு வீடியோ யூடியூபில் ஏறியது. உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டே ஒரு பெண்மணி, மெட்டாலிகா குழுவின் ‘என்டர் சாண்ட்மேன்’ பாடலை அடித்தொண்டையில் பாடுகிறார். பக்கத்தில் ஒரு முதியவர், தலைமுடியைச் சேவல் கொண்டை மாதிரி நிறுத்திக்கொண்டு கிடார் வாசிக்கிறார். பெண்மணிக்கு வயது 62. கணவருக்கு 74.

உடை கொஞ்சம் துணிச்சலானதுதான். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு ஏற்றதல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால், லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ‘யார் இந்தப் பாட்டி?’ என்று இளைஞர்கள் கேட்டார்கள். ‘பாட்டியா? அவர் யார் தெரியுமா?’ என்று அவர்களின் அம்மாக்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்த அம்மாக்கள், 1981-ல் அவரைப் பார்த்துவிட்டுத் தலைமுடிக்கு ஆரஞ்சுச் சாயம் பூசிக்கொண்டு வீட்டில் திட்டு வாங்கியவர்கள்.

அவர் பெயர் டோயா வில்காக்ஸ். பங்க் ராக் பாடகி. லாரன்ஸ் ஒலிவியரோடும் கேத்தரின் ஹெப்பர்னோடும் நடித்தவர். இந்த இரண்டு அடையாளங்களும் ஒரே ஆளுக்குச் சொந்தமா என்று சந்தேகம் வரும். இங்கிலாந்துக்கும் வந்தது. அவர் வாழ்நாளில் பாதி அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்வதிலேயே போயிருக்கிறது.

வளைந்த பாதம், வழுக்கும் நாக்கு

1958 மே 18 அன்று பர்மிங்ஹாம் நகரின் கிங்ஸ் ஹீத் பகுதியில் பிறந்தார் டோயா. வசதியான குடும்பம். அப்பாவுக்கு மரவேலைத் தொழில். அம்மா ஒரு காலத்தில் மேடையில் நடனம் ஆடியவர்.

அந்த நடனக்காரிக்குப் பிறந்த மகளுக்கு முதுகெலும்பு முறுக்கிக்கொண்டிருந்தது. வலது பாதம் உள்பக்கம் வளைந்திருந்தது. ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டை. குழந்தைப் பருவத்தில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை, பிசியோதெரபி என்றே கழிந்தது. பேசத் தொடங்கியபோது இன்னொரு சிக்கல். ‘ஸ’ ஒலி சரியாக வராது. மழலை மாதிரி நாக்கில் வழுக்கும். எழுத்துகளைக் கோத்துப் படிப்பதும் சிரமம். டிஸ்லெக்ஸியா என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த சொல், அன்று வகுப்பறைக்குள் வந்திருக்கவில்லை.

மற்ற பிள்ளைகள் சும்மா விடுவார்களா? கேலிதான். டோயாவும் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. மார்கரெட் தாட்சர் (அப்போது அவர் கல்வி அமைச்சர்) பள்ளிக்கு வந்து பேசிய நாளில், மேடைக்கடியில் அலாரம் கடிகாரங்களை ஒளித்து வைத்து, பேச்சின் நடுவே அலற விட்டதாக டோயாவே சொல்லியிருக்கிறார். பள்ளியை விட்டு வெளியே வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரே ஒரு பாடத்தில் தேர்ச்சி. அந்தப் பாடம் இசை.

அதன்பிறகு பர்மிங்ஹாமின் ஓல்ட் ரெப் நாடகப் பள்ளி. நடக்கும்போது காலைச் சாய்க்கும், பேசும்போது ‘ஸ’ வழுக்கும் ஒரு பெண், நடிகையாகப் போகிறேன் என்று போய் நின்றதை நினைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் நாடக உலகம் உச்சரிப்பைக் கோயில் மாதிரி கும்பிடும் இடம். அங்கே போய் அடங்கி நின்றாரா என்றால், அதுவும் இல்லை. விதவிதமான நிறங்களில் தலைமுடிக்குச் சாயம் ஏற்றிக்கொண்டு தெருவில் நடந்தார். ‘சொர்க்கப் பறவை’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். என் கணிப்பு இதுதான்: எப்படியும் எல்லோரும் உற்றுப் பார்க்கத்தான் போகிறார்கள், எதைப் பார்க்க வேண்டும் என்பதையாவது நாம் முடிவு செய்வோம் என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும்.

அந்தத் தலைமுடிதான் முதல் வாய்ப்பையும் கொண்டுவந்தது. 1976-ல் பிபிசி ஒளிபரப்பிய ‘கிளிட்டர்’ என்ற குறுநாடகம். பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ இசை நிகழ்ச்சியில் பாடிவிட வேண்டும் என்று கனவு காணும் ஒரு பெண்ணின் கதை. டோயாதான் அந்தப் பெண். கதையை இங்கே ஒரு மடிப்பு மடித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

‘கிளிட்டர்’ லண்டன் நேஷனல் தியேட்டர்காரர்களின் கண்ணில் பட்டது. 1977-ல் மேக்சிமிலியன் ஷெல் இயக்கிய ‘டேல்ஸ் ஃப்ரம் தி வியன்னா வுட்ஸ்’ நாடகத்தில் வேடம் கிடைத்தது. பத்தொன்பது வயதைத் தொடுவதற்குள் நாட்டின் முதல் வரிசை மேடை!

மூன்று கார்டு போதும்

இங்கே பங்க் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டதும் கிழிந்த பனியனும் மூக்கில் குத்திய ஊக்கும் மட்டும் நினைவுக்கு வந்தால், விஷயத்தில் பாதிதான் கிடைத்திருக்கிறது.

1970-களின் நடுவில் இங்கிலாந்தில் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை. ராக் இசையோ பெரிய மேடை, பெரிய செலவு, பதினைந்து நிமிட கிடார் சாகசம் என்று வித்வான்களின் சொத்தாகிவிட்டது. அப்போது வந்தார்கள் செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ் போன்ற குழுக்கள். மூன்று கார்டு வாசிக்கத் தெரிந்தால் போதும், மேடை ஏறு. பாட வராதா? கத்து. உடை வாங்கக் காசில்லையா? இருப்பதைக் கிழித்து ஊக்கு குத்து. யாரிடமும் அனுமதி கேட்காதே.

பாடுவதற்கு அழகான குரல் வேண்டும், அழகான உடம்பு வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒரே அடியில் தூக்கி எறிந்த இசை அது. டோயாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பர்மிங்ஹாமில் செக்ஸ் பிஸ்டல்ஸ் நிகழ்ச்சியைப் பார்த்தவர் அவர். நேஷனல் தியேட்டரில் நடித்துக்கொண்டிருந்த 1977-லேயே கிடார் கலைஞர் ஜோயல் போகனோடு சேர்ந்து தன் பெயரிலேயே ஒரு குழுவைத் தொடங்கிவிட்டார். பேட்டர்ஸீயில் ரயில்வேக்குச் சொந்தமாக இருந்த ஒரு பழைய கிடங்குதான் வீடு, ஒத்திகைக்கூடம், எல்லாம். ‘மேஹெம்’ என்று பெயர். அமளி என்று அர்த்தம். அங்கே ஒரு சவப்பெட்டியைக் கட்டிலாக்கி அதில் தூங்கினார் என்பது, அந்தக் காலப் பத்திரிகைகள் சலிக்காமல் எழுதிய செய்தி.

அந்தச் சமயத்தில்தான் டெரெக் ஜார்மன் வந்தார். இங்கிலாந்தின் சோதனை சினிமாவில் பெரிய பெயர். முதலாம் எலிசபெத் ராணி மந்திரத்தால் காலம் தாண்டி வந்து, பாழடைந்த எழுபதுகளின் லண்டனைப் பார்ப்பதாக ‘ஜூபிலி’ என்ற படத்தை எடுக்கத் திட்டமிட்டிருந்தார். ஒரு நடிக நண்பர் டோயாவை ஜார்மன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்துப் போனார். ஜார்மன் கதைப் பிரதியைக் கையில் கொடுத்து, பிடித்த வேடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். டோயா பக்கங்களைப் புரட்டி, ராணிக்கு அடுத்தபடியாக யாருக்கு வசனம் அதிகம் என்று பார்த்தார். மேட் என்ற, நெருப்பு வைப்பதில் பித்துப் பிடித்த பெண்ணின் வேடம் அது. பிறகு பணம் போதவில்லை என்று அந்த வேடத்தையே வெட்டும் நிலை வந்தபோது, ஜார்மன் தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்து அதைத் திரும்பச் சேர்த்தாராம். டோயா பேட்டிகளில் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கும் கதை இது.

1978-ல் படம் வந்தது. பங்க் உலகமே அதன்மீது பாய்ந்தது. பங்க் உடைகளை வடிவமைத்த விவியன் வெஸ்ட்வுட், ஜார்மனைத் திட்டி ஒரு நீளமான கடிதம் எழுதி, அதை டி-ஷர்ட்டில் அச்சடித்தே வெளியிட்டார். ஒட்ட வெட்டிய சிவப்புத் தலைமுடியோடு திரையில் எரிந்து விழுந்த டோயாவை மட்டும் யாராலும் மறக்க முடியவில்லை.

ஒரே ஆண்டில் நான்கு முகம்

1979-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

அந்த ஆண்டு ஒளிபரப்பான ‘தி கார்ன் இஸ் கிரீன்’ தொலைக்காட்சிப் படத்தை இயக்கியவர் ஜார்ஜ் குகர். ‘மை ஃபேர் லேடி’ எடுத்த அதே ஹாலிவுட் ஜாம்பவான். கதாநாயகி கேத்தரின் ஹெப்பர்ன். வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமத்தில் பள்ளிக்கூடம் தொடங்கும் ஆசிரியை. அவருக்குத் தலைவலியாக வாய்க்கும் பெஸ்ஸி என்ற பெண் டோயா.

அடுத்தது ‘குவாட்ரோபீனியா’. தி ஹூ குழுவின் இசைத்தொகுப்பை வைத்து, அறுபதுகளின் ‘மாட்’ இளைஞர்களைப் பற்றி எடுத்த படம். இதில் டோயா நுழைந்த விதம் சுவாரஸ்யமானது. கதாநாயகன் வேடத்துக்கு செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடனை வைத்து ஒரு சோதனைப் படப்பிடிப்பு நடத்தினார்கள். அவருக்கு வசனம் சொல்லிக்கொடுத்து, எதிரில் நின்று நடித்து உதவ டோயாவை அழைத்தார்கள். லைடன் மாதிரி ஆளை வைத்துப் படம் எடுத்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று அவரைக் கைவிட்டார்கள். உதவிக்கு வந்த டோயாவுக்கும் வேலை இல்லை. அவரா விடுவார்? இயக்குநர் ஃபிராங்க் ராடமைத் துரத்திப் பிடித்து, ‘மங்கி’ என்ற வேடத்தை வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தார். கதாநாயகன் யாரென்றால், ‘கிளிட்டர்’ நாடகத்தில் அவரோடு நடித்த ஃபில் டேனியல்ஸ்.

மூன்றாவதாக, மறுபடியும் ஜார்மன். ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’. தீவில் வளர்ந்த கள்ளமறியாத மிராண்டாவாக டோயா! கையில் தீப்பந்தம் ஏந்திய பெண்ணை ஷேக்ஸ்பியரின் சாந்தமான நாயகியாக்கலாம் என்று ஜார்மனுக்குத் தோன்றியதே, அதுதான் அவருடைய கண். நான்காவது, அதே ஆண்டில் வெளியான குழுவின் முதல் இசைத்தட்டு.

இரவு கிளப்பில் கத்திப் பாடிவிட்டு, காலையில் படப்பிடிப்பில் போய் நிற்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 20, 21. படிக்கத் திணறுகிறவர் ஷேக்ஸ்பியர் வசனத்தை மனப்பாடம் செய்தார் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வழுக்கிய ‘ஸ’ நான்காம் இடத்துக்குப் போனது

1981. ‘இட்ஸ் எ மிஸ்டரி’ பாடல் பிரிட்டிஷ் தரவரிசையில் நான்காம் இடத்துக்கு வந்தது. கீத் ஹேல் என்பவர் எழுதிய பாட்டு. தன் முரட்டு இசைக்கு இது ரொம்ப மென்மை என்று டோயாவுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. பாட்டின் தலைப்பிலேயே இரண்டு ‘ஸ’ இருப்பதைக் கவனித்தீர்களா? பள்ளியில் எந்த எழுத்துக்காகக் கேலி செய்தார்களோ, அதே எழுத்து அதே வழுக்கலோடு நாடு முழுக்க ரேடியோவில் ஒலித்தது. பிள்ளைகள் அதை அப்படியே பாடிப் பழகினார்கள்.

பாடல் ஹிட் ஆனதும் எங்கிருந்து அழைப்பு வந்திருக்கும்? ஆம், ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’. ஐந்து வருடங்களுக்கு முன்பு நாடகத்தில் எந்த மேடைக்கு ஏங்கி நடித்தாரோ, அதே மேடையில் ஆரஞ்சு நிறத் தலைமுடியோடு நிஜமாகவே நின்றார்.

அடுத்து ‘ஐ வாண்ட் டு பி ஃப்ரீ’, ‘தண்டர் இன் தி மவுன்டன்ஸ்’ என்று வரிசையாக வெற்றி. ‘ஆந்தம்’ இசைத்தொகுப்பு இரண்டாம் இடம் வரை போனது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் அவர் பாடியதை பிபிசி நேரலையாக ஒளிபரப்பியது. 1982-ல் சிறந்த பாடகி விருதும் வந்தது.

இங்கேதான் முணுமுணுப்பும் பெரிதானது. இசைப் பத்திரிகைகள், ‘இவர் நடிகை, பங்க் வேடம் போடுகிறார்’ என்ற தொனியில் எழுதின. நாடகக்காரர்களுக்கோ அவர் பாப் பாடகி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலை. அந்தப் பாடல்களில் பங்க் எவ்வளவு, பாப் எவ்வளவு என்ற சர்ச்சை இன்றும் ரசிகர்கள் நடுவே நடக்கிறது. 1981-ன் டோயாவில் பாப் கலந்துவிட்டது உண்மைதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அனுமதி கேட்காதே என்று தொடங்கிய ஓர் இயக்கம், ‘நடிக்கப் போனாயா? அப்படியானால் நீ பங்க் இல்லை’ என்று வாசலில் நின்று டிக்கெட் கிழித்தது வேடிக்கைதான்.

டோயா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. புகழின் உச்சியில் இருந்த 1983-ல் லண்டன் மெர்மெய்ட் தியேட்டரில் ‘டிராஃபோர்டு டான்ஸி’ நாடகத்தில் நடித்தார். மேடையே மல்யுத்த வளையம். ஒரு பெண் தன் வாழ்க்கையில் சந்திக்கும் ஒவ்வொருவரோடும் குஸ்தி போடுவதுதான் கதை. தூக்கி எறிவது, விழுவது எல்லாம் நிஜம். முறுக்கிய முதுகெலும்போடு பிறந்தவர், இரவுக்கு இரவு தரையில் விழுந்து எழுந்தார். அதற்கடுத்த ஆண்டு ‘தி எபனி டவர்’ தொலைக்காட்சிப் படத்தில் லாரன்ஸ் ஒலிவியரோடு நடித்தார். ஒரு பக்கம் குஸ்தி வளையம், இன்னொரு பக்கம் ஒலிவியர்!

வெளிச்சம் குறைந்த பிறகு

குழு 1983-ல் கலைந்தது. பாப் உலகின் கண் வேறு பக்கம் திரும்பியது. இப்படிப்பட்ட பலருடைய கதை இந்த இடத்தில் முடிந்துவிடும்.

1986 மே 16-ல் கிங் கிரிம்ஸன் குழுவின் கிடார் மேதை ராபர்ட் ஃபிரிப்பைத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு அன்று நாற்பதாவது பிறந்தநாள். ஸ்டூலில் அமர்ந்து, முகத்தில் சலனமே இல்லாமல் கணக்குப் போட்டு வாசிக்கும் மனிதர் அவர். சிக்கலான கிடார் இசைக்கு எதிராகத்தான் பங்க் கிளம்பியது என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த இசையின் தலைமைப் புள்ளிகளில் ஒருவர். எதிர்க்கட்சித் தலைவரைக் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி.

பிறகு கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். இசை நாடகங்கள் நடித்தார். ‘கலாமிட்டி ஜேன்’ 2003-ல் லண்டன் மேடைக்கு வந்தது. டிவி நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கினார். காட்டுக்குள் பிரபலங்களைக் கொண்டுபோய் விடும் ரியாலிட்டி ஷோவுக்கும் போனார். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘டெலிடப்பீஸ்’ ஆங்கிலத்தில் பார்த்திருந்தால், நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் பேசும் பெண் குரலை நினைவுபடுத்திப் பாருங்கள். டோயாதான். சவப்பெட்டியில் தூங்கியவர் குரலைக் கேட்டுக்கொண்டே உலகக் குழந்தைகள் சோறு சாப்பிட்டார்கள்!

ஊரடங்கு வந்தபோது, வேலை இல்லாமல் வீட்டில் சுணங்கிப்போன கணவரை ஆட வைக்கத்தான் டோயா செல்போன் கேமராவை எடுத்தார். முதல் வீடியோக்களில் ஒன்றில் இருவரும் பாலே உடை போட்டுக்கொண்டு ‘ஸ்வான் லேக்’ இசைக்கு ஆற்றங்கரையில் ஆடினார்கள். பிறகு ஞாயிறுதோறும் ஒரு பாட்டு. முகம் மாறாத ஃபிரிப் சிரிப்பதை அவருடைய பழைய ரசிகர்கள் அங்கேதான் பார்த்தார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை, பெரிய மேதையை இப்படிக் கோமாளியாக்கலாமா என்று வருத்தப்பட்டார்கள். 2021-ல் டோயா வெளியிட்ட ‘பாஷ் பாப்’ இசைத்தொகுப்பு தரவரிசையில் முதல் 40-க்குள் வந்தது. 2023-ல் புகழ்பெற்ற கிளாஸ்டன்பரி விழா மேடையில் கணவனும் மனைவியும் சேர்ந்து நின்றார்கள். 2024-ல், 66 வயதில், பிபிசியின் ‘ஸ்டிரிக்ட்லி கம் டான்ஸிங்’ நடனப் போட்டியில் ஆடினார். சில வாரங்களிலேயே வெளியேற்றப்பட்டார். நடனக்காரியின் மகள், அந்த வளைந்த பாதத்தோடு, நாடே பார்க்க ஆடிவிட்டுத்தான் வந்தார்.

இதற்கெல்லாம் நடுவில் நடந்த ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

2017 நவம்பர். ஜார்மன் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய ‘ஜூபிலி’ படத்தை மான்செஸ்டரின் ராயல் எக்ஸ்சேஞ்ச் தியேட்டர் மேடை நாடகமாக்கியது. மேட் வேடத்துக்கு ஓர் இளம் நடிகை. டோயாவையும் அழைத்தார்கள். அவருக்குக் கொடுத்தது, காலம் தாண்டி வந்து இன்றைய இளைஞர்களைப் பார்க்கும் முதலாம் எலிசபெத் ராணி வேடம்.

பத்தொன்பது வயதில் ஜார்மன் வீட்டுத் தேநீர் மேஜையில் வசனங்களை எண்ணியபோது, இவருக்கு அடுத்தபடி என்று டோயா தாண்டிப்போன அதே ராணி. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த ராணியின் உடையில் மேடையில் நின்று, மேட் ஊருக்கு நெருப்பு வைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.